பூட்டன் பெயரைப் பார்க்க ஒரு தேதி வேண்டும்

1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு மிகச் சிறியது. கணக்கெடுப்பாளர் எழுதிய பதிவேட்டையோ படிவத்தையோ பார்க்கும் உரிமை யாருக்கும் இல்லை என்கிறது. அதில் எழுதியிருப்பதை உரிமையியல் வழக்கில் சாட்சியமாகக் காட்டவும் முடியாது. குற்ற வழக்கிலும், இந்தச் சட்டத்தையே மீறியதற்கான வழக்கு தவிர, காட்ட முடியாது. சரி, இந்தத் தடை எத்தனை வருஷத்துக்கு? அந்தப் பிரிவில் அதற்கு விடை இல்லை. காலவரம்பே எழுதப்படவில்லை. 2011இல் எழுதிய படிவத்துக்கும் 1951இல் எழுதிய படிவத்துக்கும் ஒரே பூட்டுதான்.

இந்த ஒரு குறையைச் சரிசெய்யச் சொல்லித்தான் சேலத்தில் நாங்கள் சிலர் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். வழக்கறிஞர்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், சேர்வராயன் மலைக் கிராமங்களின் இளைஞர்கள் என்று கலந்து இருக்கிறோம். ஒரு வழக்கறிஞர் ஏன் பழைய சென்சஸ் தாளுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு என் தொழிலிலிருந்தே பதில் சொல்கிறேன்.

என்னிடம் வரும் வேலையில் பெரும்பகுதி வாரிசு, பட்டா, இனச்சான்று. ஏற்காட்டிலிருந்து வருபவர்களில் பலர் மலையாளி என்ற பெயருள்ள மலைப் பழங்குடியினர் (கேரளத்தவர் அல்ல). பிள்ளை பொறியியல் படித்து அரசு வேலையிலோ வங்கியிலோ சேர்ந்திருப்பான். கோட்டாட்சியர் கொடுத்த பழங்குடிச் சான்று கையில் இருக்கும். சில வருஷம் கழித்து மெய்த்தன்மை சரிபார்ப்பு என்று நோட்டீஸ் வரும். மாநில அளவிலான கூர்நோக்குக் குழு கேட்கும் முதல் கேள்வி, பழைய ஆவணம் இருக்கிறதா என்பதுதான். அது நியாயமான கேள்வி. போலிச் சான்றுகள் உண்மையான பழங்குடியினரின் இடத்தைப் பறிக்கின்றன. 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சரிபார்ப்புக்கு நடைமுறை வகுத்துக் கொடுத்தது. 2011இல் ஆனந்த் வழக்கில், சுதந்திரத்துக்கு முந்தைய ஆவணங்களுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு என்றும் சொன்னது.

ஆனால் அந்தப் பழைய ஆவணத்துக்கு மலைக்குடும்பம் எங்கே போகும்? அந்த வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆளே வேலைக்குப் போன இந்தப் பையனாக இருப்பான். அப்பா கையெழுத்துப் போடத் தெரியாதவர். தாத்தா காபித் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர். தோட்டத்தின் சம்பளப் புத்தகம் தோட்டம் கைமாறியபோதே போய்விட்டது. நிலம் பாட்டன் காலத்திலிருந்து உழுதது, பட்டா மட்டும் பிற்காலத்தது. இப்படிப்பட்ட குடும்பத்தை அரசாங்கம் தானாகத் தேடி வந்து பெயர் எழுதிக்கொண்டது சென்சஸில்தான். 1951 படிவத்தில் முதல் கேள்வியே பெயரும், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு என்பதும். பழங்குடியா என்பதற்கும் அதில் இடம் இருந்தது. வாசலுக்கு வந்து தான் எழுதிய அந்தத் தாளை நாம் பார்க்கக் கூடாது என்று அரசே சொல்கிறது, பிறகு வேறு தாள் கொண்டு வா என்கிறது.

மலையில் மட்டும் இந்தத் தேவை என்று நினைக்க வேண்டாம். மேட்டூர் அணை 1934இல் கட்டி முடிந்தபோது காவிரிக் கரையில் ஊர் ஊராகத் தண்ணீருக்குள் போயின. நீர்மட்டம் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் கோயில் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும், கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்க்கிறோம். அந்த ஊர்களில் யார் யார் இருந்தார்கள் என்ற வீட்டு வாரியான பட்டியல் மட்டும் பார்க்கக் கிடைப்பதில்லை. தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கூலி ஒப்பந்தத்தில் போனவர்களின் பேரப்பிள்ளைகளும் எங்களைத் தேடி வருகிறார்கள். 1860 முதல் 1911 வரை சுமார் 1,52,000 பேர் இந்தியாவிலிருந்து அங்கே போனார்கள். அவர்களை அனுப்பிய மாவட்டங்களில் சேலமும் ஒன்று. டர்பனில் இருக்கும் கப்பல் பதிவேட்டில் மாவட்டம், தாலுகா, கிராமம், தகப்பன் பெயர், சாதி எல்லாம் இருக்கிறது. அந்தத் தாளோடு இங்கே வந்து நிற்பவரிடம் காட்ட, நம் பக்கத்தில் அதற்கு இணையாக ஒன்றும் இல்லை.

தாது வருஷப் பஞ்சத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1871 கணக்கெடுப்பில் அன்றைய சேலம் மாவட்டத்தில், அதாவது இன்றைய சேலம், நாமக்கல், தர்மபுரி, கிருஷ்ணகிரியோடு திருப்பத்தூரும் சேர்ந்த பகுதியில், ஏறக்குறைய 19 லட்சத்து 67 ஆயிரம் பேர். 1881இல் அது 16 லட்சம். 1876 முதல் 1878 வரையிலான பஞ்சமும் அதோடு வந்த நோய்களும் ஒரு மாவட்டத்தை இவ்வளவு காலி செய்தன. இந்த எண்களை அச்சிட்ட அறிக்கைகள் பத்திரமாக இருக்கின்றன, யாரும் படிக்கலாம். எண்ணப்பட்டவர்களின் பெயர்களைக் காப்பாற்ற வேண்டும் என்று அன்றைக்கு யாரும் நினைக்கவில்லை. எண்ணி முடித்ததும் படிவத்தின் வேலை முடிந்தது என்று விட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்துப் பெயர்வாரிப் படிவங்களைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. என் கவலை 1951இலிருந்து இன்று வரை எஞ்சியிருப்பது பற்றியும், இனி எழுதப்படப் போவது பற்றியும்தான்.

மற்ற நாடுகள் இதற்கு ஒரு தேதி வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் 72 வருஷம். 1950 கணக்கெடுப்பு 2022 ஏப்ரல் 1 அன்று திறக்கப்பட்டது. இங்கிலாந்தில் 100 வருஷம். 1921 பதிவேடுகள் 2022 ஜனவரியில் வெளிவந்தன. ஆஸ்திரேலியாவில் பல பத்தாண்டுகள் படிவங்களை அழித்தார்கள். 2001இல்தான் முதன்முறையாக, சம்மதிப்பவர்களின் தகவலை 99 வருஷம் மூடி வைத்துப் பிறகு திறப்போம் என்று மக்களிடம் கேட்டார்கள்.

எனக்கு அதிகம் பிடித்தது கனடாவின் கதை, ஏனென்றால் அங்கே இதைச் சாதித்தது குடும்ப வரலாறு தேடும் சாதாரண மக்கள். 1901 வரையிலான கணக்கெடுப்புகள் திறந்திருந்தன. 1906க்குப் பிறகானவற்றை நிரந்தரமாக ரகசியமாக வைப்போம் என்று அன்றைய அரசு வாக்குக் கொடுத்துவிட்டது, ஆகவே திறக்க முடியாது என்றது புள்ளிவிவரத் துறை. மக்கள் சும்மா இருக்கவில்லை. நாடாளுமன்றத்தில் மனு மேல் மனுவாகக் கொடுத்தார்கள். பழைய விதிகளையும் தேடிப் படித்தார்கள். 1911 கணக்கெடுப்பாளர்களுக்குக் கொடுத்த அறிவுரையிலேயே, இது நிரந்தரப் பதிவு, படிவங்கள் நாட்டின் ஆவணக் காப்பகத்தில் வைக்கப்படும் என்று எழுதியிருந்தது! 2003இல் 1906 பதிவுகள் வெளிவந்தன. 2005இல் சட்டமே திருத்தப்பட்டு 92 வருஷம் என்ற வரம்பு உறுதியானது. 1931 கணக்கெடுப்பு 2023இல் திறந்தது.

இனி நம் ஊர் வழக்கறிஞர் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. தகவல் உரிமைச் சட்டத்தின் 8(3)ஆம் பிரிவைக் காட்டி வழக்குப் போடலாமே என்று பலர் சொல்கிறார்கள். 20 வருஷத்துக்கு முந்தைய நிகழ்வுகள் பற்றிய தகவலை மூன்று விலக்குகள் தவிர மறுக்கக் கூடாது என்பது அந்தப் பிரிவு. அந்தரங்கம் அந்த விலக்குகளில் இல்லை. முரண்படும் பிற சட்டங்களைத் தாண்டித் தகவல் உரிமைச் சட்டம் நிற்கும் என்கிறது 22ஆம் பிரிவு. வாதாடுவதற்கு நல்ல வாதம்தான். ஆனால் அந்த வாதம் ஜெயித்தால் 2001 படிவமும் திறந்துவிடும். அதில் இருப்பவர்கள் நம் தெருவில் உயிரோடு இருக்கிறார்கள். கணவன் விட்டுப் போன பெண் தன் பெயரைக் குடும்பத் தலைவராகச் சொல்லியிருப்பார். வீட்டுக்குள்ளேயே வைத்துப் பார்த்துக்கொள்ளும் பிள்ளையின் ஊனத்தை ஒரு தாய் கணக்கெடுப்பாளரிடம் மட்டும் சொல்லியிருப்பார். எந்தத் தெருவில் எந்தச் சாதி, எந்த மதம் என்ற வீட்டு வாரியான பட்டியல் தவறான கையில் சிக்கினால் என்ன ஆகும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. வெளியே சொல்ல மாட்டோம் என்ற உறுதியை நம்பித்தான் மக்கள் உண்மையைச் சொல்கிறார்கள். 15ஆம் பிரிவை உடைக்க நான் வரவில்லை. அதற்கு ஒரு முடிவுத் தேதி எழுதச் சொல்கிறேன்.

எங்கள் மனு இப்படிக் கேட்கிறது. 75 வருஷம் ஆனதும் நேரடி வாரிசுகள், வாரிசுத் தொடர்பைக் காட்டி, தங்கள் குடும்பத்தின் பதிவை மட்டும் நகலாகப் பெறலாம். 100 வருஷம் ஆனதும் எல்லாருக்கும் திறக்கலாம். வாரிசு பெற்ற நகலை இனச்சான்று சரிபார்ப்பில் துணை ஆவணமாக ஏற்க வேண்டும். அதே பதிவை யாருக்கும் எதிராகப் பயன்படுத்தக் கூடாது, ஏனென்றால் கணக்கெடுப்பாளர் அவசரத்தில் தப்பாக எழுதியதற்குப் பேரன் தண்டனை அனுபவிக்க முடியாது. எங்களுக்குள்ளேயே இதில் கருத்து வேறுபாடு உண்டு. 75 போதாது என்கிறார்கள் சிலர். 1951இல் கைக்குழந்தையாக எழுதப்பட்டவர் இன்றும் இருக்கலாமே என்பது அவர்கள் கேள்வி. அதனால்தான் முதல் கட்டத்தைச் சொந்தக் குடும்பத்தோடு நிறுத்தியிருக்கிறோம்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் படிவங்கள் பிழைத்திருக்க வேண்டும். அடுத்த கணக்கெடுப்பு கைப்பேசிச் செயலி வழியாக நடக்கப் போகிறது. 2022இல் விதிகளைத் திருத்தி மின்னணுப் படிவத்துக்கும் சுயமாகப் பதிவு செய்வதற்கும் இடம் கொடுத்தார்கள். வீட்டுப்பட்டியல் 2026இல், தலை எண்ணுவது 2027 பிப்ரவரியில் என்று அறிவிப்பு. 1931க்குப் பிறகு எல்லாச் சாதியும் எண்ணப்படப் போவதும் இதில்தான். மூட்டை மூட்டையாகத் தாளை அழிக்கவாவது லாரி வேண்டும், ஆள் வேண்டும். மின்னணுப் பதிவை அழிக்க ஒரு உத்தரவு போதும். மூடி வைத்திருங்கள், ஆனால் தேசிய ஆவணக் காப்பகத்தில் ஒரு பிரதி வையுங்கள் என்பது எங்கள் முதல் கோரிக்கை.

கையெழுத்து கேட்டுப் போகும்போது சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தைக் கேலி செய்யாதீர்கள், உட்கார்ந்து பேசுங்கள். 2025 நவம்பரில் வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியபோது நாம் எல்லாருமே 2002, 2005 பட்டியலில் அப்பா பெயரையும் அம்மா பெயரையும் தேடினோம். பழைய பட்டியல் கிடைப்பது எவ்வளவு முக்கியம் என்று அப்போது மக்களுக்குப் புரிந்தது. பழைய பட்டியலே ஆளை வெளியேற்றும் கருவியாகலாம் என்ற பயமும் கூடவே வந்தது. அஸ்ஸாமில் 1951 கணக்கெடுப்பை ஒட்டித் தயாரித்த குடிமக்கள் பதிவேட்டை அரசே எடுத்துப் பயன்படுத்தியது. 2019 இறுதிப் பட்டியலில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் விடுபட்டார்கள். தன் தேவைக்கு அரசு பழைய பதிவைத் திறந்துகொள்ளும். மக்கள் தேவைக்கும் திறக்க வேண்டும், அவர்களுக்கு எதிராகத் திருப்பாமல் திறக்க வேண்டும். எதற்காகவும் கணக்கெடுப்பாளரிடம் பதில் சொல்லாமல் இருக்காதீர்கள் என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள். பதில் சொல்வது சட்டப்படி கடமை.

அதுவரை குடும்பத்தில் தேடுபவர்கள் என்ன செய்யலாம்? பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு இருந்தால் அதுவே முதலில். உங்கள் தாத்தா படிக்கவில்லை என்றால் அவர் தம்பி படித்தாரா, பங்காளி யாராவது படித்தார்களா என்று பாருங்கள். தந்தை வழி உறவினரின் ஆவணமும் செல்லும். வட்டாட்சியர் அலுவலகத்தில் பழைய பிறப்பு, இறப்புப் பதிவேடுகள், அ-பதிவேடு (கிராம நிலங்களின் பட்டியல்), நிலவரித் திட்டப் பதிவேடுகள் உண்டா என்று கேளுங்கள். 1980இல் கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டபோது கிராமக் கணக்குகள் ஒழுங்காகக் கைமாறாத ஊர்கள் உண்டு. அந்தக் குடும்பங்களின் பரணில் ஏதாவது இருக்கலாம், மரியாதையாகப் போய்க் கேட்டால் காட்டுவார்கள். ஏற்காட்டில் ஞானஸ்நானப் பதிவேடு சில குடும்பங்களுக்கு உதவியிருக்கிறது. ஊர் அளவிலான எண்ணிக்கை வேண்டுமென்றால் மாவட்டக் கணக்கெடுப்புக் கையேடுகளைப் பாருங்கள். பழைய கோப்புகளுக்குச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம்.

இயக்கத்தில் சேர விரும்புபவர்களுக்கு இரண்டு வேலை சொல்கிறேன். முதலாவது தகவல் உரிமை மனு. படிவத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால் 15ஆம் பிரிவைக் காட்டித் திருப்பி அனுப்புவார்கள். சேலம் மாவட்டத்தின் 1951, 1961, 1971 குடும்பப் படிவங்கள் இப்போது இருக்கின்றனவா, எங்கே இருக்கின்றன, அழிக்கப்பட்டிருந்தால் எந்த உத்தரவின்படி, எந்தத் தேதியில் என்று கேளுங்கள். இது நிர்வாகத் தகவல், யாருடைய ரகசியமும் இதில் இல்லை. சென்னை பெசன்ட் நகர் ராஜாஜி பவனில் உள்ள கணக்கெடுப்பு இயக்குநரகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும்.

இரண்டாவது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கூடுகிறது. கூட்டத்துக்கு முன்பே ஊராட்சி அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்தால் பொருளாக எடுப்பது சுலபம். தீர்மான நகலை வாங்கி, உங்கள் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினருக்கும் மக்களவையின் மனுக்கள் குழுவுக்கும் அனுப்புங்கள். தீர்மானத்தில் எங்கள் மனு வாசகத்தை அப்படியே போட வேண்டாம். உங்கள் ஊரில் எந்தக் குடும்பத்துக்கு எந்தத் தாள் இல்லாமல் எந்த வேலை நின்றது என்பதை, பெயர் சொல்லாமல், இரண்டு வரியில் சேருங்கள். குழுவில் இருப்பவர்கள் படிப்பது அந்த இரண்டு வரியைத்தான்.