மட்டு அல்ல, கட்டகம்

‘உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் கல்விச் செயல்திறன் மீது மட்டு தொலைதூரக் கற்றலின் தாக்கம்.’ காட்பாடியில் நடந்த ஒரு கல்வியியல் கருத்தரங்கின் அழைப்பிதழில் இப்படி அச்சிட்டிருந்தார்கள். பி.எட்., எம்.எட். படிக்கும் பிள்ளைகளின் ஒப்படைப்புகளிலும் ஆய்வேட்டு வரைவுகளிலும் இதே தொடரைப் பலமுறை பார்த்துவிட்டேன். கேட்டால், ‘கணினியில் மொழிபெயர்த்தால் இப்படித்தான் வருகிறது, ஐயா’ என்கிறார்கள். ‘மாடுலர் டிஸ்டன்ஸ் லேர்னிங்’ என்ற ஆங்கிலத் தொடர்தான் ‘மட்டு தொலைதூரக் கற்றல்’ ஆகியிருக்கிறது. தலைப்பில் உள்ளவை எல்லாம் தமிழ் எழுத்துகள்தான். ஆனால் குடியாத்தத்திலோ அணைக்கட்டிலோ பத்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்தும் ஓர் ஆசிரியரிடம் படித்துக் காட்டினால், எதைப் பற்றிய ஆய்வு என்று அவரால் சொல்ல முடியாது. ‘மட்டும்’ என்பதில் கடைசி ‘ம்’ விடுபட்டுப்போன அச்சுப்பிழை என்றே நினைப்பார்.

அந்த ‘மாடுலர்’ வந்தது மாட்யூல் என்ற ஆங்கிலச் சொல்லிலிருந்து; அதன் வேர் இலத்தீனில் இருக்கிறது. ‘மோடஸ்’ என்றால் அளவு. அதன் குறுமை வடிவம் ‘மோடுலஸ்’, அதாவது சிற்றளவு. கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், தூணின் தடிமனை அடிப்படையாகக் கொண்டு கோயிலின் மற்ற அளவுகளைக் கணக்கிடச் சொன்னபோது இந்தச் சொல்லை ஆண்டார். அளவைக் குறித்த சொல் பின்னர் அந்த அளவுக்குச் செய்த உறுப்பைக் குறித்தது. 20ஆம் நூற்றாண்டில், தனியாகவும் நின்று மற்றவற்றோடு சேர்ந்தும் இயங்கும் பகுதி என்ற பொருள் நிலைத்தது. 1969-இல் நிலவில் இறங்கிய அப்பல்லோ கலமும் மாட்யூல்தான். வேரைப் பற்றி இவ்வளவு போதும். நமக்கு வேண்டியது பள்ளிக்கூடத்தில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பது.

மாடுலர் டிஸ்டன்ஸ் லேர்னிங் என்ற தொடர் பரவலாக வழங்கியது பிலிப்பைன்ஸ் நாட்டில். கொரோனா தொற்றால் 2020 மார்ச்சில் அங்கே பள்ளிகள் மூடப்பட்டன. அக்டோபர் 5 அன்று புதிய கல்வியாண்டு தொடங்கியபோது பிள்ளைகள் பள்ளிக்கு வரவில்லை. பாடம்தான் வீட்டுக்குப் போனது. இணைய வசதி இல்லாத தீவுகளும் மலைகளும் நிறைந்த நாடு அது. ஆகவே அச்சிட்ட சிறு புத்தகங்களைப் பெற்றோர் பள்ளிக்கு வந்து வாங்கிச் செல்வார்கள். பிள்ளைகள் விடை எழுதியதும் அவற்றைத் திருப்பிக் கொடுத்து அடுத்ததை வாங்குவார்கள். ஒவ்வொரு புத்தகமும் ஒரே வார்ப்பில் இருக்கும். முதலில், இதில் நான் அறியவேண்டியது என்ன என்ற பகுதி. அடுத்து, ஏற்கெனவே எனக்கு என்ன தெரியும் என்று பார்க்கும் ஒரு சிறு சோதனை. பிறகு பாடம், பயிற்சி, கற்றதை வாழ்க்கையில் பயன்படுத்தும் ஒரு செயல், மதிப்பீடு. கடைசிப் பக்கத்தில் விடைக்குறிப்பு. ஆசிரியர் அருகில் இல்லாமலேயே தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு மாணவர் தானே போய்ச் சேரும்படி கட்டப்பட்ட பாடம். இந்தத் தன்னிறைவுதான் மாட்யூல் என்ற சொல்லின் உயிர். இதைச் சொல்லாத எந்த மொழிபெயர்ப்பும் பாதி மொழிபெயர்ப்புதான்.

இனி ‘மட்டு’க்கு வருகிறேன். அதற்காக வாதாடுபவர்கள் சொல்வது மூன்று. மோடஸ் என்றால் அளவு, மட்டு என்றாலும் அளவு, ஆகவே வேர்ப்பொருள் பொருந்துகிறது என்பது முதலாவது. கணக்குப் பாடநூலில் மட்டு எண்கணிதம், மட்டு மதிப்பு என்று ஏற்கெனவே வழங்குகிறதே என்பது இரண்டாவது. ஒலியும் மூலத்துக்கு நெருக்கமாக இருக்கிறது என்பது மூன்றாவது.

முதல் வாதத்தில் இருப்பது வேர் மயக்கம். மாட்யூல் என்ற சொல்லே அளவு என்ற பொருளைக் கைவிட்டு நெடுங்காலம் ஆகிவிட்டது. அது விட்டுவிட்ட பொருளை நாம் ஏன் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டும்? தவிர, தமிழில் மட்டு என்பது வெறும் அளவு அல்ல. எல்லை கட்டிய அளவு. காய்ச்சல் மட்டுப்பட்டது என்றால் குறைந்தது. செலவை மட்டுப்படுத்து என்றால் சுருக்கு. மட்டாகச் சாப்பிடு என்றால் குறைவாகச் சாப்பிடு. அப்படியானால் மட்டுக் கற்றல் என்றால் என்ன? அளவோடு படிப்பது, குறைத்துப் படிப்பது. தொற்றுக் காலத்தில் தமிழ்நாட்டில் பாடத்திட்டம் உண்மையிலேயே குறைக்கப்பட்டது. மட்டு தொலைதூரக் கற்றல் என்பது குறைத்த பாடத்தைத் தொலைவிலிருந்து படித்ததைத்தான் சொல்கிறது என்று ஒருவர் பொருள்கொண்டால் பிழை அவருடையது அல்ல. ஒரு கலைச்சொல் தவறான பொருளை இவ்வளவு எளிதாகத் தருமானால் அதை அந்த இடத்தில் வைத்திருக்கக் கூடாது.

இரண்டாவது வாதம் கணக்கோடு நிற்கட்டும். பத்தாம் வகுப்பில் மட்டு எண்கணிதம் நடத்தும் ஆசிரியருக்கு அந்தச் சொல் நன்றாகவே உதவுகிறது. அங்கே அளவுதான் பேச்சு. ஆனால் ஒரு துறையில் பொருந்திய சொல்லை எல்லாத் துறைக்கும் இழுத்துப் போக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அதே இலத்தீன் வேரிலிருந்து வந்த மாடுலஸ் என்ற ஆங்கிலச் சொல் இயற்பியல் பாடநூலில் ‘யங் குணகம்’ என்று வருகிறது. அங்கே யாரும் ‘யங் மட்டு’ என்று எழுதவில்லை. 2023 ஆகஸ்டில் சந்திரயான்-3 நிலவை நெருங்கியபோது நாளிதழ்கள் அதன் புரொபல்ஷன் மாட்யூலை உந்துவிசைக் கலன் என்றும் லேண்டர் மாட்யூலை லேண்டர் என்றும் எழுதின. படித்த எல்லோருக்கும் புரிந்தது. கடைத்தெருவில் ‘மாடுலர் கிச்சன்’ என்று பலகை வைத்திருக்கிறார்கள். அது அப்படியே வழங்கட்டும், எனக்கு மறுப்பில்லை. பொருளைப் பார்த்துச் சொல்லைத் தேடியவர்கள் ஒவ்வோர் இடத்திலும் தனித்தனிச் சொல்லைக் கண்டார்கள். சொல்லைப் பார்த்துச் சொல்லைத் தேடியவர்கள் மட்டுவில் போய் முட்டிக்கொண்டார்கள்.

மூன்றாவது வாதத்துக்கு நீண்ட பதில் தேவையில்லை. ஒலி ஒப்புமை கலைச்சொல்லுக்குத் தகுதி ஆகாது. ஒலிதான் வேண்டுமென்றால் மாட்யூல் என்றே எழுதலாம். அது நேர்மையாக இருக்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும். மட்டு என்பது வன்தொடர்க் குற்றியலுகரம். வல்லினம் வந்தால் ஒற்று மிகும். ‘மட்டு தொலைதூர’ என்று ஒற்றில்லாமல் ஊரெங்கும் அச்சிடுவதிலிருந்தே, இதை ஒருவரும் வாய்விட்டுப் படித்துப் பார்க்கவில்லை என்பது தெரிகிறது.

‘தொகுதி’ என்று எழுதுபவர்கள் இவர்களைவிடப் பொறுப்பானவர்கள். இருந்தாலும் அந்தச் சொல்லின் தலையில் ஏற்கெனவே பெருஞ்சுமை இருக்கிறது. பின்னத்தின் மேலே இருப்பது தொகுதி. தனிம அட்டவணையில் நெடுக்கு வரிசை தொகுதி. மேல்நிலைப் பாடநூலின் முதல் பாகம் தொகுதி ஒன்று. இவை எல்லாம் போக, 2019-இல் வேலூரில் மட்டும் மக்களவைத் தேர்தல் நிறுத்தப்பட்டு ஆகஸ்ட் 5 அன்று தனியாக நடந்ததிலிருந்து, எங்கள் பக்கத்தில் தொகுதி என்றால் வேறு எதுவும் நினைவுக்கு வராது. ‘தொகுதிவழிக் கற்றல்’ என்றால் எந்தத் தொகுதி என்று கேட்பார்கள். ‘அலகு’ நல்ல சொல்தான். ஆனால் அது யூனிட்டுக்குப் பழகிவிட்டது. ஓர் அலகைப் பல மாட்யூல்களாகப் பிரிக்க வேண்டிய இடத்தில் இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் குழப்பம்தான் மிஞ்சும்.

சரியான சொல்லை யாரும் புதிதாகப் படைக்க வேண்டியதில்லை. அது நம் பள்ளிகளிலேயே வழங்கிக்கொண்டிருக்கிறது. ஆசிரியர் பயிற்சிகளில் கையில் கொடுக்கப்படும் ஏட்டுக்குப் பெயர் பயிற்சிக் கட்டகம். 2021-இல் பள்ளிகள் மீண்டும் திறந்தபோது மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் வெளியிட்டது ‘புத்தாக்கப் பயிற்சிக் கட்டகம்’. எங்கள் ஊரில் அதை ஜெராக்ஸ் கடையில் படியெடுத்து, ஓரத்தில் ஸ்டேப்ளர் பின் அடித்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். ‘கட்டகத்தில் எந்தப் பக்கம், சார்?’ என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை இயல்பாகக் கேட்டது. பிள்ளைகள் வாயில் புழங்கும் ஒரு சொல்லை ஆய்வாளர்கள் கண்டுகொள்ளாமல் கணினியிடம் போய்க் கேட்பது எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

கட்டு என்றால் ஒன்றாகச் சேர்த்து இறுக்குவது, மாட்யூல் பிரித்தெடுக்கக்கூடியது, ஆகவே கட்டகம் பொருந்தாது என்று நண்பர் ஒருவர் மறுத்தார். கட்டு என்ற சொல்லின் ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பதால் வரும் மறுப்பு இது. பழைய வீடுகளை இரண்டு கட்டு வீடு, மூன்று கட்டு வீடு என்கிறோம். ஒவ்வொரு கட்டும் தன்னளவில் முழுமையான பகுதி. அடுத்த கட்டோடு இணைந்தும் இருக்கும். விட்ருவியஸும் கட்டடத்திலிருந்துதானே தொடங்கினார்? குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் பீடி சுற்றும் வீடுகளில் கட்டு என்பது எண்ணி முடித்து, நூல் சுற்றி, எடுத்துக் கொடுக்கத் தயாரான ஓர் அலகு. முறத்தை மடியில் வைத்துச் சுற்றும் அம்மாவிடம் எத்தனை கட்டு முடிந்தது என்று கேட்டால் உடனே சொல்வார். தனித்து எண்ணத்தக்கது, உள்ளே ஒழுங்கு கொண்டது, முடிவு தெரிந்தது: கட்டு என்ற சொல்லுக்குள் இவை மூன்றும் இருக்கின்றன. அதோடு அகம் சேர்ந்தால் கட்டகம்.

தொலைதூரம் என்பதையும் விடுவதற்கில்லை. தொலை என்றாலே தூரம்தான். தொலைபேசி, தொலைக்காட்சி என்று சொல்லத் தெரிந்த நமக்குக் கல்வி என்றதும் மட்டும் ஏன் இரட்டைத் தூரம்? பல்கலைக்கழகங்களில் தொலைநிலைக் கல்வி என்ற நல்ல வழக்கு இருக்கிறது. ஆகவே கட்டகவழித் தொலைநிலைக் கற்றல். சுருக்கமாகப் பேசும் இடத்தில் கட்டகவழிக் கற்றல் போதும்.

இதைவிட என்னை வருத்துவது ‘கல்விச் செயல்திறன்’. எஞ்சினுக்குச் செயல்திறன் உண்டு, பம்புசெட்டுக்கும் உண்டு. பிள்ளையின் படிப்புக்கு நம்மிடம் மதிப்பெண், தேர்ச்சி, அடைவு என்று மூன்று சொற்கள் இருக்கின்றன. மூன்றும் ஒன்றல்ல; அடைவு என்பது பிள்ளை உண்மையில் கற்றுக்கொண்டது. செயல்திறன் என்ற சொல் இந்த வேறுபாட்டை அழித்துவிடுகிறது; அழித்த பிறகு ஆய்வே தடம் மாறிவிடுகிறது.

பிலிப்பைன்ஸையே பாருங்கள். கட்டகவழிக் கற்றல் நடந்தபோது அங்கே காலாண்டுத் தேர்வுகளை விட்டுவிட்டு, எழுத்துப் பணிகளையும் செயல்பணிகளையும் கொண்டே மதிப்பெண் போட்டார்கள். விடைகளை அக்காவோ அம்மாவோ எழுதித் தருகிறார்கள் என்ற கவலை அந்நாட்டில் பரவலாகப் பேசப்பட்டது. அப்படிப்பட்ட மதிப்பெண்ணை எடுத்துக்கொண்டு, கட்டகவழிக் கற்றலால் நன்மை விளைந்தது என்றோ தீமை விளைந்தது என்றோ எழுதினால் அது எதை அளந்தது? அடைவைப் பார்க்க வேண்டுமானால் வெளியிலிருந்து ஓர் அளவுகோல் வேண்டும். 15 வயது மாணவர்களுக்கான பீசா என்ற பன்னாட்டுத் தேர்வில் பிலிப்பைன்ஸ் கணக்கில் 2018-இல் 353 புள்ளிகளும் 2022-இல் 355 புள்ளிகளும் பெற்றது. வாசிப்பில் 340, பிறகு 347. ஏறத்தாழ அசையவே இல்லை. கட்டகம் கெடுக்கவில்லை என்று இதிலிருந்து முடிவு கட்டிவிட முடியாது. 2022-இல் கணக்கில், அந்தத் தேர்வை நடத்தும் பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பின் (ஓஇசிடி) நாடுகளது சராசரி 472. தொற்றுக்கு முன்பே அடிமட்டத்தில் இருந்த அடைவு அங்கேயே கிடந்தது என்பதுதான் இந்த எண்கள் சொல்லும் செய்தி.

நம் ஊரிலும் இதே வேறுபாடு உண்டு. 2020-இல் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ரத்தாகி அனைவரும் தேர்ச்சி என்று அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டின் தேர்ச்சியைப் பார்த்து அடைவைப் பேச எந்த ஆசிரியரும் துணியமாட்டார். ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தை போன்ற ஊர்களில் செல்பேசிக் கோபுரத்தை நம்பிப் பாடம் நடத்த முடியாத நாட்களில், அச்சிட்ட தாள் ஒன்றுதான் போய்ச் சேரக்கூடியதாக இருந்தது. இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக் கூட்ட வீட்டில் யாராவது உதவுவார்கள்; ஒன்பதாம் வகுப்பு இயற்கணிதத்துக்கு யாரிடம் போவது? உயர் வகுப்பில் கட்டகம் தடுமாறும் இடம் இதுதான். ஐயம் எழும் கணத்தில் பதில் சொல்ல ஆள் இல்லை. விடைக்குறிப்பு விடையைச் சொல்லும், வழியைச் சொல்லாது. எம்.எட். பிள்ளைகள் ஆராய வேண்டியது இதைத்தான். அதற்கு மதிப்பெண் வேறு, அடைவு வேறு என்று தலைப்பிலேயே தெரிய வேண்டும்.

‘மீது தாக்கம்’ என்பதையும் விட்டுவிடலாம். ஒன்றின் மீது தாக்குவது படை. கல்வியில் விளைவு என்ற சொல் போதும். கற்றல் விளைவு என்று பாடநூல்களே எழுதுகின்றன. ஆகவே அந்த அழைப்பிதழில் இருந்திருக்க வேண்டியது: ‘கட்டகவழித் தொலைநிலைக் கற்றலும் உயர்நிலை, மேல்நிலை மாணவர்களின் அடைவும்.’ மேல்நிலையைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. பிலிப்பைன்ஸில் உயர்பள்ளி என்பது ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை, முதல்நிலை, மேல்நிலை என இரு பிரிவாக இருக்கிறது. நம் உயர்நிலைப் பள்ளி பத்தோடு முடிந்துவிடும். அந்நாட்டு ஆய்வுகளைப் படித்து எழுதுபவர்கள் வெறுமனே ‘உயர்நிலை’ என்று போட்டால், பதினொன்றிலும் பன்னிரண்டிலும் படிக்கும் பிள்ளைகள் கணக்கிலிருந்தே விடுபட்டுப்போவார்கள்.