முதல் நாளே செய்துவைக்கும் லசானியா: நடுவில் தங்கும் இளஞ்சூடு

மட்டக்களப்பு மாவட்டத்தில் பொதுச் சுகாதாரப் பரிசோதகராக நான் கடமையாற்றத் தொடங்கிய காலத்தில், விருந்துச் சாப்பாட்டால் வாந்தி, வயிற்றோட்டம் என்று தகவல் வந்தால் முதலில் விசாரிப்பது புரியாணிக் கிடாரத்தைத்தான். இப்போது அந்த விசாரணையில் கண்ணாடித் தட்டும் சேர்ந்துகொண்டது. வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்த அக்காமார் சொல்லிக்கொடுத்த, மாத் தகடுகளையும் இறைச்சியையும் சோஸையும் அடுக்கடுக்காக வைத்துச் சுடும் லசானியாவும், சீஸ் தூவி ‘அவன்’ எனப்படும் வீட்டுப் போறணையில் வைத்தெடுக்கும் மக்கரோனியும் புளியந்தீவிலும் காத்தான்குடியிலும் வீட்டு விருந்துகளில் சாதாரணமாகிவிட்டன. போறணை என்றாலே பாண் சுடும் பேக்கரியை நினைத்த ஊர் இது. அவன் வீட்டுக்குள் வந்த அளவுக்கு, அதில் செய்த உணவை எப்படி ஆறவைப்பது என்ற பழக்கம் வரவில்லை.

கல்லடியில் ஒரு வீடு. பிள்ளைக்கு முதல் நன்மை. மறுநாள் காலையில் எல்லோரும் கோவிலுக்குப் போகவேண்டும் என்பதால், கோழி இறைச்சி வைத்த லசானியாவை இரவு 9 மணிக்கே சுட்டெடுத்து, அலுமினியத் தாளால் இறுக மூடி, மேசையில் வைத்துவிட்டுப் படுத்திருக்கிறார்கள். அதிகாலையில் குளிர்சாதனப்பெட்டிக்குள் வைத்து, மதியம் மீண்டும் சூடாக்கி, 1 மணிக்குப் பரிமாறினார்கள். 4 மணியாவதற்குள் வாந்தி தொடங்கிவிட்டது. நான் போனபோது தட்டைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள். ஆகவே எந்தக் கிருமி என்று உறுதிசெய்ய மாதிரி எதுவும் மிஞ்சவில்லை. அந்தத் தாய் திரும்பத் திரும்பச் சொன்னது இதைத்தான்: “ஓரமெல்லாம் கொதிக்கக் கொதிக்கத்தானே சேர் சூடாக்கினோம், பழுதான மணம்கூட வரல்லயே.”

அவர் பொய் சொல்லவில்லை. மீண்டும் சூடாக்கினால் எல்லாம் செத்துவிடும் என்பதே நம்மிடையே உள்ள பெரிய தவறான எண்ணம். மாப்பொருள் உணவில் வளரும் பசிலஸ் சீரியஸ் என்ற பக்டீரியாவின் வித்திகள், அதாவது உறங்கு நிலையில் இருக்கும் அதன் வடிவங்கள், முதல் சமையலிலேயே சாகாமல் தப்பிவிடும். உணவு இளஞ்சூட்டில் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கும். அந்த நஞ்சு 121 பாகை செல்சியஸில் 90 நிமிடம் வைத்தாலும் அழியாது என்றால், வீட்டு அவனில் அரை மணி நேரம் வைப்பதால் என்ன ஆகப்போகிறது? அவித்த கோழியைக் கையால் பிய்த்துப் போடும்போது, விரலில் உள்ள வெட்டுக்காயத்திலிருந்தோ மூக்கைத் தொட்ட கையிலிருந்தோ சேரும் ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸ் என்ற பக்டீரியாவின் நஞ்சும் இதே வகைதான். இரண்டுக்கும் மணமில்லை, நிறமில்லை, சுவையுமில்லை. உண்ட சில மணி நேரத்திலேயே வாந்தி எடுப்பது இவற்றின் அடையாளம்.

கிருமிகள் விரைந்து பெருகுவது 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடையில். கச்சான் காற்று வீசும் நாட்களில் நம் குசினிகளுக்குள் நள்ளிரவிலும் 28, 29 பாகை இருப்பதை என் வெப்பமானியில் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட இடத்தில் மேசையில் வைத்த தட்டு விடியும்வரை அந்த எல்லையைத் தாண்டிக் குளிரவே முடியாது. லசானியாவின் தடிப்பும் இதில் முக்கியமானது. உணவின் தடிப்பு இரண்டு மடங்கானால் நடுப்பகுதி ஆற ஏறக்குறைய நான்கு மடங்கு நேரம் எடுக்கும். மேலே தொட்டால் ஆறியதுபோல் இருக்கும் தட்டின் நடுவில் ஊசி வெப்பமானியைக் குத்திப் பார்த்தால், கிருமிக்கு மிகப் பிடித்த 40 பாகை அங்கே ஒளிந்திருக்கும்.

ஆகவே நான் சொல்லும் முறை, முதல் நாளே சுட்டுவைக்காமல், பாகங்களை மட்டும் செய்துவைப்பது. இறைச்சிக் கறியையும் வெள்ளைச் சோஸையும் அகலமான தட்டுகளில் இரண்டு அங்குலத்துக்கு மேற்படாமல் பரப்பி, ஐஸ் கலந்த தண்ணீர்த் தாச்சியின் மேல் வைத்துக் கிளறிவிட்டால் விரைவில் ஆறிவிடும். 60 பாகையிலிருந்து 21 பாகைக்கு 2 மணி நேரத்துக்குள்ளும், அதிலிருந்து 5 பாகைக்கு அடுத்த 4 மணி நேரத்துக்குள்ளும் இறங்கவேண்டும். இரண்டும் குளிர்ந்த பிறகே அடுக்கவேண்டும். சூடான கறியின் மேல் குளிர்ந்த சோஸை ஊற்றி அடுக்கிவைப்பது, இளஞ்சூட்டை நாமே செய்து உள்ளே பூட்டிவைப்பதற்குச் சமம். அடுக்கிய தட்டைக் குளிரில் வைத்து, மறுநாள் ஒரேயொரு தடவை சுடலாம். சுட்டே வைக்கவேண்டிய கட்டாயம் இருந்தால், ஆவி அடங்கியதும் துண்டுகளாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல், இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப்பெட்டிக்குள் வைக்கவேண்டும். சூடாக வைத்தால் பெட்டி பழுதாகிவிடும் என்று பயந்து விடியும்வரை வெளியில் விட்டு நோயாளியானவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அப்படி வைத்துப் பெட்டி பழுதான ஒரு வீட்டைத்தான் இன்னும் காணவில்லை.

மீண்டும் சூடாக்கும்போது தாளால் மூடி, 170 பாகை அளவில் வைத்து, நடுப்பகுதி 74 பாகைக்கு வந்த பிறகு, மேல்பக்கம் சிவக்கக் கடைசிப் பத்து நிமிடம் தாளை எடுத்துவிடலாம். பெரிய தட்டுக்கு ஒரு மணி நேரம்கூட ஆகும். விருந்தாளிகள் வரும்வரை குறைந்த சூட்டில் காலையிலிருந்தே வைத்திருப்பது வேண்டாம். மைக்ரோவேவில் ஒரு மூலை கொதிக்க மறுமூலை குளிர்ந்தே இருக்கும் என்பதால் இடையில் எடுத்துத் திருப்பி வைக்கவேண்டும். தேவையான துண்டுகளை மட்டும் சூடாக்குங்கள். ஒருமுறை சூடாக்கியதை மறுபடியும் குளிரில் வைத்து மறுபடியும் சூடாக்கவேண்டாம். மூன்று நாளுக்கு மேல் வைக்கவும் வேண்டாம்.

2022 இல் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்தபோது பலரும் என்னிடம் கேட்டது, பெட்டிக்குள் இருந்ததைச் சாப்பிடலாமா என்பதுதான். கதவைத் திறக்காமல் வைத்திருந்தால் நான்கு மணி நேரம் வரை குளிர் தாங்கும். அதற்கு மேல் போனால், இறைச்சியும் பாலும் சேர்ந்த உணவை எறிந்துவிடுவதே நல்லது.

கல்லடித் தாய் சென்ற நத்தாருக்கு மறுபடியும் லசானியா செய்தார். குளிர்ந்த கண்ணாடித் தட்டைச் சூடான அவனுக்குள் நேரே வைத்தால் வெடிக்கக்கூடும் என்று நான் சொன்னதைக் கேட்டு, தகரத் தட்டொன்றுக்கு மாறியிருந்தார். “நடுவில் குத்திப் பார்த்திட்டன் சேர், 76” என்று தொலைபேசியில் சொன்னார்.