தலைமாட்டில் நிற்பவர்: ஒரு தொழில் பிறந்த கதை

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டால் உறவினர்கள் தேடிப்போய்க் கைகூப்புவது அறுவை சிகிச்சை நிபுணரிடம்தான். நோயாளியின் தலைமாட்டில் நின்று அத்தனை நேரமும் அவருடைய மூச்சையும் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் காத்தவரின் பெயர் பலருக்குத் தெரியாது. ‘மயக்க டாக்டர்’ என்பதோடு சரி. மருத்துவக் கல்லூரியில் காலடி வைக்கும் மாணவர்களிடம் கேட்டால் இதய நிபுணர், குழந்தை மருத்துவர் என்று பதில் வரும். மயக்கவியல் படிக்க வேண்டும் என்று பள்ளிப் பருவத்திலிருந்தே கனவு கண்டவரைப் பார்ப்பது அரிது.

அப்படியானால் அந்தத் துறை எப்படி உருவானது? அதற்குள் ஆட்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள்? ஆர்வம் மனத்துக்குள் முளைத்து, தனக்கேற்ற வேலையைத் தேடிப் போகிறது என்றுதான் நாம் பொதுவாக நினைக்கிறோம். மயக்கவியலின் வரலாற்றில் இது பெரும்பாலும் தலைகீழாக நடந்திருக்கிறது. முதலில் ஒரு வேலைக்கு ஆள் இல்லாமல் போகிறது. அந்தக் காலியிடம் யார் கண்ணில் பட்டதோ, யாரை உள்ளே விட்டார்களோ, அவர்கள் வருகிறார்கள். ஆர்வம் பிறகு வளர்கிறது.

1846 அக்டோபர் 16 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் வில்லியம் மார்ட்டன் என்ற பல் மருத்துவர் ஒரு நோயாளிக்கு ஈதர் ஆவியைக் கொடுத்தார். கழுத்துக் கட்டியை அறுத்தபோது அந்த நோயாளி அலறவில்லை. செய்தி கடல் கடந்து பரவியது. அந்த டிசம்பரிலேயே லண்டனில் ஈதர் கொடுத்துக் கால் துண்டிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சன் குளோரோஃபார்மைக் கொண்டுவந்தார். மருந்து வந்துவிட்டது, அதைக் கொடுப்பதற்கென்று ஒருவர் இல்லை. மருத்துவ மாணவர், உதவியாளர், பக்கத்தில் சும்மா நின்றவர் என்று யார் கை ஓய்வாக இருந்ததோ அவரே கொடுத்தார்.

அதன் விலை சீக்கிரமே தெரிந்தது. 1848 ஜனவரியில் இங்கிலாந்தின் நியூகாஸிலுக்கு அருகே, ஹன்னா கிரீனர் என்ற 15 வயதுப் பெண் கால் நகம் ஒன்றை எடுப்பதற்காகக் குளோரோஃபார்மை முகர்ந்த சில நிமிடங்களில் இறந்துபோனாள். பதிவான முதல் குளோரோஃபார்ம் மரணம் அதுதான்.

இந்த இடத்தில்தான் ஜான் ஸ்னோ வருகிறார். 1854இல் லண்டனில் காலரா பரவியதற்கு பிராட் தெருக் குடிநீர்க் குழாயே காரணம் என்று காட்டியவர் என நமக்குத் தெரிந்த அதே ஸ்னோ. யார்க் நகரத் தொழிலாளி ஒருவரின் மகன். ஈதர் சிலரை மயக்குகிறது, சிலரை மயக்குவதில்லை, சிலரைக் கொல்லும் அளவுக்குப் போகிறது. ஏன் என்ற கேள்வியை அவர் இயற்பியலாக மாற்றினார். காற்று எவ்வளவு ஈதர் ஆவியைத் தாங்கும் என்பது வெப்பநிலையைப் பொறுத்தது. ஈதர் ஆவியாகும்போது தன்னையும் தான் ஊறிய பஞ்சையும் குளிரச் செய்கிறது. குளிர்ந்த பஞ்சிலிருந்து ஆவி குறைவாக வரும். ஆகவே பஞ்சை மூக்கில் வைத்துப் பிடிப்பவருக்கு, தான் எவ்வளவு மருந்து கொடுக்கிறோம் என்பதே தெரியாது. ஸ்னோ ஈதர் கலத்தைத் தண்ணீரில் அமிழ்த்தி வெப்பநிலையை நிலைப்படுத்தும் கருவியைச் செய்தார். மயக்கத்தின் ஆழத்தை ஐந்து படிகளாகப் பிரித்து 1847லேயே வெளியிட்டார். 1853இல் விக்டோரியா அரசியின் பிரசவத்துக்குக் குளோரோஃபார்ம் கொடுக்க அவரையே அழைத்தார்கள்.

யாரும் செய்யலாம் என்றிருந்த ஒரு கைவேலைக்குப் பின்னால் கற்றால் மட்டுமே பிடிபடும் அறிவு ஒன்று இருக்கிறது என்று காட்டியதுதான் ஸ்னோவின் சாதனை. எந்தத் தொழிலும் இப்படித்தான் தொடங்குகிறது. ஆனால் ஓர் ஆள் போதாது. ஸ்னோ 1858இல் 45 வயதில் இறந்த பிறகு, லண்டனில் மயக்க மருத்துவர்களுக்கென ஒரு சங்கம் தோன்ற 1893 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் கதை வேறு வழியில் போனது. மயக்க மருந்து கொடுக்கும் பயிற்சி மருத்துவரின் கண் நோயாளியின் முகத்தில் இருப்பதில்லை, அறுவை நடக்கும் இடத்தில்தான் இருக்கிறது என்பது அங்கிருந்த அறுவை சிகிச்சை நிபுணர்களின் குறை. இளைஞருக்கு அறுவையைக் கற்க வேண்டும் என்ற ஆசை. தலைமாட்டு வேலை அதற்குக் கொடுக்கும் கூலி. எனவே மினசோட்டா மாநிலத்தின் ராசெஸ்டரில் அறுவை சிகிச்சை நிபுணர்களான மேயோ சகோதரர்கள் இந்த வேலையைச் செவிலியர்களிடம் ஒப்படைத்தார்கள். அவர்களில் ஒருவர் ஆலிஸ் மகாவ். முகத்தின்மேல் துணி போர்த்திய கம்பிக் கூட்டை வைத்து, ஈதரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே நோயாளியிடம் மெதுவாகப் பேசி உறங்கவைப்பார். பேச்சினால் பயம் தணிந்தால் மருந்து குறைவாகவே போதும் என்பதை அனுபவத்தில் கண்டவர். 14,000க்கும் மேற்பட்ட மயக்கங்களைப் பற்றி 1906இல் அவர் எழுதிய அறிக்கையில், மயக்க மருந்தினால் நேர்ந்த மரணம் ஒன்றுகூட இல்லை. செவிலியரின் சம்பளம் குறைவு என்பதும் அவர்களைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம்தான். ஆனால் முழுக் கவனத்தையும் ஒரே வேலையில் வைத்தால் என்ன கிடைக்கும் என்பதை மகாவ் நிரூபித்துவிட்டார்.

ஒரு வேலைக்கு மதிப்பும் வருமானமும் வந்தவுடன் எல்லைத் தகராறும் வரும். சிகாகோ பல்கலைக்கழகச் சமூகவியலாளர் ஆண்ட்ரூ அபட் 1980களில் அழுத்திச் சொன்னது இதைத்தான்: தொழில்கள் தனித்தனியே வளர்வதில்லை, ‘இந்தப் பணி யாருக்கு உரியது’ என்ற போட்டியில்தான் வடிவம் பெறுகின்றன. கலிஃபோர்னியாவில் மயக்க மருத்துவர்கள், டாக்மர் நெல்சன் என்ற செவிலியர் உரிமமின்றி மருத்துவத் தொழில் செய்கிறார் என்று வழக்குத் தொடுத்தார்கள். அறுவை சிகிச்சை நிபுணரின் மேற்பார்வையில் செவிலியர் மயக்க மருந்து கொடுப்பது குற்றமாகாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1936இல் தீர்ப்பளித்தது. அமெரிக்காவில் இன்றும் செவிலியரும் மருத்துவரும் இந்தப் பணியைப் பகிர்ந்துகொள்வதற்கு அந்தத் தீர்ப்பும் ஒரு காரணம். பிரிட்டனில் இது மருத்துவர்களின் கையிலேயே தங்கியது. 1935இல் அங்கே தனிப் பட்டயம் வந்தது. கார் உற்பத்தியாளர் நஃபீல்ட் பிரபு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் பெரும் நன்கொடை கொடுக்க முன்வந்தபோது, மயக்கவியலுக்கும் ஒரு பேராசிரியர் பதவி வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். பல்கலைக்கழகத்துக்கு அதில் விருப்பமில்லை. ஆனாலும் 1937இல் ராபர்ட் மெக்கின்டாஷ் அந்தப் பதவியில் அமர்ந்தார். தனி அறிவு, சங்கம், தேர்வு, பல்கலைக்கழகம், சட்டம் எல்லாம் இந்தத் தொழிலுக்கும் வந்தன. ஆனால் வரிசையாக வரவில்லை, ஒன்றோடொன்று மோதிக்கொண்டு வந்தன.

இனி ஒரு மனிதரின் கதைக்கு வருவோம். வெர்ஜீனியா ஆப்கார் 1933இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். அவருடைய ஆசை அறுவை சிகிச்சை. அதில் பயிற்சியும் தொடங்கிவிட்டார். அவருடைய தலைவர் ஆலன் விப்பிள், அறுவை சிகிச்சையில் பெண்களால் பிழைப்பு நடத்த முடியவில்லை, மயக்கவியலுக்குப் போ என்று அறிவுரை சொன்னார். மயக்கவியலில் நல்ல ஆட்கள் இல்லாவிட்டால் அறுவை சிகிச்சையும் முன்னேறாது என்ற கணக்கும் விப்பிளுக்கு இருந்தது. ஆப்கார் விஸ்கான்சினில் ரால்ஃப் வாட்டர்ஸ் என்ற மயக்கவியல் பேராசிரியரிடம் பயிற்சி பெற்று, 1938இல் கொலம்பியாவின் மயக்கவியல் பிரிவுக்குத் தலைவரானார். 1949இல் அது முழுத் துறையாக உயர்ந்தபோது தலைமைப் பொறுப்பு ஓர் ஆணுக்குப் போனது. ஆப்கார் அந்த மருத்துவக் கல்லூரியின் முதல் பெண் முழுப் பேராசிரியர் ஆனார்; கவனத்தைப் பிரசவ மயக்கவியலின் பக்கம் திருப்பினார்.

பிரசவ அறையில் அன்று எல்லோருடைய கவனமும் தாய்மீதுதான். தாய்க்குக் கொடுத்த மயக்க மருந்து சிசுவை என்ன செய்கிறது என்று கேட்பது மயக்க மருத்துவருக்கு இயல்பாக வரும் கேள்வி. பிறந்த சிசுவை எப்படி மதிப்பிடுவது என்று உணவகத்தில் ஒரு மாணவர் கேட்க, கையில் கிடைத்த காகிதத்தில் ஐந்து குறிகளை ஆப்கார் எழுதிக் கொடுத்தார் என்று சொல்வார்கள். இதயத்துடிப்பு, மூச்சு, தசையின் இறுக்கம், தூண்டினால் காட்டும் எதிர்வினை, உடலின் நிறம். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். பிறந்த ஒரு நிமிடத்தில் கணக்கிட வேண்டும். 1953இல் வெளியான அந்த ஆப்கார் மதிப்பெண் நம் ஊர்ப் பிரசவ அறைகளிலும் இன்று எழுதப்படுகிறது. அவர் விரும்பிய கதவு திறந்திருந்தால் இந்தக் கேள்வியை அவர் கேட்டிருப்பாரா என்பது சந்தேகமே. அதற்காக மூடிய கதவை நியாயப்படுத்த நான் தயாரில்லை. ஒரு திறமையான பெண்ணை அறுவை அரங்கிலிருந்து விலக்கியது அநியாயம்தான்.

தொழில் தேர்வு பற்றிய ஆய்வுகள் ஆப்காரின் அனுபவத்தைப் பொதுவிதியாகக் காட்டுகின்றன. 1908இல் பாஸ்டனில் தொழில் வழிகாட்டு நிலையம் தொடங்கிய ஃபிராங்க் பார்சன்ஸ், தன்னை அறிவது, வேலையை அறிவது, இரண்டையும் பொருத்துவது என்ற மூன்று படிகளைச் சொன்னார். நல்ல அறிவுரைதான். ஆனால் எல்லா வேலைகளும் கண்ணெதிரே கடை விரித்து வைத்திருப்பதாக அது எடுத்துக்கொள்கிறது. 1981இல் லிண்டா காட்ஃபிரட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் முன்வைத்த விளக்கம் இன்னும் கூர்மையானது. குழந்தைகள் தேர்ந்தெடுப்பதற்கு வெகுகாலம் முன்பே கழிக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஆறு முதல் எட்டு வயதுக்குள் ‘இது ஆண் வேலை, இது பெண் வேலை’ என்று சில கழிகின்றன. ஒன்பது முதல் பதின்மூன்றுக்குள் ‘இது நம்மைப் போன்றவர்களுக்கு எட்டாது, இது நமக்குக் கௌரவக் குறைவு’ என்று மேலும் சில. தனக்கு எதில் ஆர்வம் என்ற கேள்வி அதன் பிறகுதான் வருகிறது. அது மிச்சமிருப்பவற்றுக்குள்தான் சுற்றுகிறது.

பார்த்த வேலையே மனத்தில் நிற்கும் என்பதற்கு வலுவான சான்று அமெரிக்காவிலிருந்து வருகிறது. ராஜ் செட்டி உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கண்டுபிடிப்பாளர்களின் காப்புரிமைப் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்டார்கள். சிலிக்கான் பள்ளத்தாக்கில் வளர்ந்த பிள்ளைகள் கணினித் துறையிலும், மருத்துவக் கருவித் தொழிற்சாலைகள் மிகுந்த மினியாபொலிஸில் வளர்ந்தவர்கள் மருத்துவக் கருவிகளிலும் கண்டுபிடிப்பாளர் ஆகும் வாய்ப்பு அதிகம். ஒரு துறையில் பெண் கண்டுபிடிப்பாளர்கள் இருந்த ஊரில் வளர்ந்த சிறுமிகள் அதே துறைக்குள் வருகிறார்கள். ஆண்கள் எத்தனை பேர் இருந்தாலும் சிறுமிகளிடம் அந்த விளைவு தென்படவில்லை.

வீட்டுக்குள்ளும் இதுவே நடக்கிறது. நமக்கு நன்றாகத் தெரிந்த ‘கட்-ஆஃப்’ மதிப்பெண்ணை ஆய்வாளர்கள் ஒரு சோதனைக் கருவியாகவே பயன்படுத்தினார்கள். கட்-ஆஃபுக்கு இழையளவு மேலே இருந்தவருக்கும் கீழே இருந்தவருக்கும் திறமையில் வேறுபாடு கிடையாது; ஒருவருக்கு இடம் கிடைத்தது, மற்றவருக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவுதான். சிலி, குரோவேஷியா, ஸ்வீடன் நாடுகளில் இந்த இரு தரப்பாரின் தம்பி தங்கைகளை ஒப்பிட்டபோது, மூத்தவருக்கு இடம் கிடைத்த கல்லூரியை இளையவரும் நாடுவது தெளிவாகக் கூடியிருந்தது. மூத்தவரின் ஒற்றை மதிப்பெண் அதிர்ஷ்டம் இளையவரின் விருப்பமாக மாறுகிறது. பல நாட்டு மாணவர்களின் திறனை ஒப்பிடும் பீசா (PISA) என்ற தேர்வு 2018இல் நடந்தபோது 41 நாடுகளின் 15 வயது மாணவர்களிடம், 30 வயதில் என்ன வேலையில் இருப்பீர்கள் என்று கேட்டார்கள். பையன்களில் 47 சதவீதமும் பெண்களில் 53 சதவீதமும் பத்தே பத்து வேலைகளுக்குள் அடங்கிவிட்டார்கள். பிள்ளைகளின் கற்பனையை நான் குறை சொல்லமாட்டேன். பத்து வேலைகளைத்தான் நாம் அவர்களுக்குக் காட்டியிருக்கிறோம்.

காலியிடம் தொழிலை உண்டாக்குவது 1846இல் முடிந்துபோன கதையல்ல. 1952 கோடையில் கோபன்ஹேகனில் போலியோ பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்தவர்களை பிளெக்டாம் மருத்துவமனையில் சுவாசக் கருவிகளில் வைத்தார்கள். முதல் மூன்று வாரங்களில் அப்படி வைத்த 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். நோயாளிகளின் இரத்தத்தில் காரத்தன்மை கூடிவிட்டதாக மருத்துவர்கள் எண்ணிக்கொண்டிருந்தபோது, அது வெளியேற முடியாமல் தேங்கிய கரியமில வாயு என்று கண்டுகொண்டவர் பியோன் இப்சென் என்ற மயக்க மருத்துவர். நோயாளிக்காகத் தாமே மூச்சு விடுவது அறுவை அரங்கில் மயக்க மருத்துவர்களின் அன்றாட வேலை. தசைகளைத் தளரவைக்கும் க்யூராரே 1942இல் மயக்கவியலுக்குள் வந்தபின் அதைக் கற்றே ஆக வேண்டியிருந்தது. ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்றை ஊட்டினார். சிறுமி பிழைத்தாள். அடுத்த மாதங்களில் ஏறக்குறைய 1,500 மாணவர்கள் முறை வைத்துப் படுக்கைகளருகே அமர்ந்து பைகளை அமுக்கினார்கள். 1953 டிசம்பரில் இப்சென் தொடங்கிய தனிப் பிரிவுதான் இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவின் முன்னோடி. அதிலிருந்து இன்னொரு புதிய மருத்துவத் துறை கிளைத்தது.

இந்திய மயக்க மருத்துவர் சங்கம் 1947இல் தோன்றியது. பிரிட்டனைப் போலவே இங்கேயும் இந்தப் பணி மருத்துவர்களுக்கு உரியது. ஆனால் சிறிய ஊர்களில் மயக்க மருத்துவர் கிடைக்காமல் அவசரச் சிசேரியன்கள் தடைபட்டதால், எம்.பி.பி.எஸ். மட்டும் படித்த அரசு மருத்துவர்களுக்குச் சில மாதங்கள் உயிர்காக்கும் மயக்கப் பயிற்சி கொடுத்து அனுப்பும் திட்டத்தை அரசு கொண்டுவந்தது. மூன்றாண்டு பட்டமேற்படிப்பு படித்தவரின் வேலையில் எவ்வளவு பங்கைச் சில மாதப் பயிற்சி பெற்றவரிடம் நம்பிக் கொடுக்கலாம் என்ற கேள்வி அத்துடன் இங்கும் எழுந்தது. தாலுகா மருத்துவமனையில் பிரசவ வலியோடு வந்து சேரும் பெண்ணுக்கு இதற்கான விடை உடனே தேவைப்படுகிறது. எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதோ இன்னும் பேச்சிலேயே இருக்கிறது.