பதினாறு வினாடி அலை

அலைச்சறுக்குப் பலகையைக் காரின் மேல் கட்டிக்கொண்டு, அக்டோபர் மாதத்தில் போர்ச்சுக்கல் கடற்கரைச் சாலையில் தன்னந்தனியாக வண்டி ஓட்டுபவர் காலையில் எழுந்ததும் வானத்தைப் பார்ப்பதில்லை. கைப்பேசியில் இரண்டு எண்களைப் பார்க்கிறார். ஒன்று அலையின் உயரம். மற்றொன்று அலைக்காலம், அதாவது ஒரு முகடு கடந்தபின் அடுத்த முகடு வந்து சேர ஆகும் வினாடிகள். புதியவர்களின் கண் உயரத்தில்தான் நிற்கும். பழகியவர்கள் வினாடியைப் பார்த்துத்தான் அன்றைக்கு எந்த ஊருக்குப் போவது என்று முடிவு செய்கிறார்கள். போர்ச்சுக்கலின் எரிசெய்ரா ஊரில் பாறை விளிம்பில் உட்கார்ந்து கைக்கடிகாரத்தை வைத்து எண்ணியபோது எனக்குப் பதினாறு கிடைத்தது. சித்திரை மாதத்தில் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டம் பாறையில் எண்ணியபோதும் எனக்கு அதே பதினாறுதான் கிடைத்திருந்தது.

உள்ளூர்க் காற்று எழுப்பும் அலை ஐந்து, ஆறு வினாடிக்கு ஒன்றாக, ஒழுங்கில்லாமல் வந்து மோதும். பதினாறு வினாடி அலை கரைக்கு அருகே பிறப்பதில்லை. மிகப் பரந்த நீர்ப்பரப்பின் மேல், பலத்த காற்று, ஒரே திசையில், பல மணி நேரம் வீசினால்தான் சிற்றலைகளின் ஆற்றல் மெல்ல மெல்ல நீண்ட அலைகளுக்குக் கைமாறும். வட அட்லாண்டிக்கில் இலையுதிர்காலம் தொடங்கும்போது துருவத்துக்கும் வெப்பமண்டலத்துக்கும் இடையேயான வெப்பநிலை வேறுபாடு கூடுவதால், ஐஸ்லாந்துக்குத் தெற்கே வலுவான தாழ்வழுத்தங்கள் அடுத்தடுத்து உருவாகின்றன. அதே வேளையில் போர்ச்சுக்கல் கரையில் வெயில் இன்னும் இதமாகவே இருக்கும். புயல் அங்கே, அதன் அலை இங்கே என்ற இந்த ஏற்பாட்டுக்காகத்தான் அலைச்சறுக்கர்கள் அந்தப் பருவத்தைத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நமக்குப் புயல் தெற்கே இருக்கிறது. கன்னியாகுமரியிலிருந்து நேர் தெற்காகக் கோடு இழுத்தால் ஆம்ஸ்டர்டாம், செயின்ட் பால் என்னும் இரு குட்டித் தீவுகளைத் தவிர அண்டார்டிகா வரை குறுக்கே பெரிய நிலம் எதுவும் இல்லை. ஏறக்குறைய 6,000 கி.மீ. தொலைவில், தென்பெருங்கடலில் எழும் அலை தடையில்லாமல் நம் வாசலுக்கு வரும்.

அந்தப் பயணத்தில் ஒரு விந்தை உண்டு. ஆழ்கடலில் 16 வினாடி அலையின் முகடு மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது, ஆனால் அலைக்கூட்டம் அதில் பாதியான 45 கி.மீ. வேகத்தில், ஏறத்தாழ நம் ஊர்ப் பேருந்தைப் போலத்தான், நகர்கிறது. கூட்டத்தின் முன்னால் ஓடும் முகடு தேய்ந்து மறைய, பின்னால் புதிய முகடு முளைத்தபடியே இருப்பதுதான் காரணம். அலைக்காலம் நீண்டால் வேகமும் கூடும் என்பதால், ஒரே புயலில் பிறந்த அலைகள் வழியிலேயே தரம் பிரிந்துவிடுகின்றன. 20 வினாடி அலை 6,000 கி.மீ. தொலைவைச் சுமார் நாலரை நாளில் கடக்கும். 12 வினாடி அலைக்கு ஏழரை நாள் ஆகும். முதலில் வந்தது எது, பிறகு வந்தது எது என்று குறித்துக்கொண்டாலே புயல் எவ்வளவு தொலைவில் இருந்தது என்று கணக்கிட்டுவிடலாம். 1963இல் கடலியலாளர் வால்டர் மங்க்கும் அவரது குழுவினரும் நியூசிலாந்து முதல் அலாஸ்கா வரை கருவிகளை வைத்து, அண்டார்டிகாவை ஒட்டிய புயல்களின் அலைகள் பசிபிக் முழுவதையும் கடந்து செல்வதை இப்படித்தான் பின்தொடர்ந்தார்கள்.

16 வினாடி அலையின் நீளம் சுமார் 400 மீட்டர். அதில் பாதி ஆழத்திலேயே, அதாவது 200 மீட்டரிலேயே, அது கடலடியை உணரத் தொடங்குகிறது. ஆழம் குறையக் குறைய வேகம் குறையும். ஆழமான பகுதியிலுள்ள அலை முந்தும். எனவே அலை வளையும். போர்ச்சுக்கலின் நாசரேயில் கரையை ஒட்டி வரும் கடலடிப் பள்ளத்தாக்கின் மேல் விரையும் அலையும், பக்கத்துத் திட்டின் மேல் தயங்கும் அலையும் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதால்தான், 2020 அக்டோபர் 29 அன்று அலைச்சறுக்கர் செபாஸ்டியன் ஸ்டொய்ட்னர் சறுக்கிய 26.21 மீட்டர் அலை போன்றவை அங்கே எழுகின்றன. முட்டத்தில் பள்ளத்தாக்கு தேவையில்லை. கடலுக்குள் துருத்தி நிற்கும் முனையை நோக்கி அலைகள் வளைந்து குவிகின்றன, இருபுறமுள்ள வளைவுகளில் ஆற்றல் பரவிக் குறைகிறது.

உயரம் இரண்டு மீட்டர் என்றே இருந்தாலும், 16 வினாடி அலை 8 வினாடி அலையைப்போல் இருமடங்கு ஆற்றலைக் கரைக்குக் கொண்டுவருகிறது. ஆழம் குறைந்த இடத்தில் கூடுதலாக உயர்ந்தும் எழுகிறது. தெளிந்த வானத்தின் கீழ், காற்றே இல்லாத நாளில் கடல் திடீரெனக் கரையேறுவதை மீனவர்கள் கள்ளக்கடல் என்கிறார்கள். அந்தச் சொல்லையே 2012இல் யுனெஸ்கோ அறிவியல் பயன்பாட்டுக்கு ஏற்றுக்கொண்டது. 2024 மே 6 அன்று கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்களை அலை இழுத்துச் சென்றபோது, கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது.

நெடுந்தொலைவு அலைகள் தனித்தனியாக வருவதில்லை. நெருக்கமான அலைக்காலம் கொண்டவை கலப்பதால் நாலைந்து பெரிய அலைகள் சேர்ந்து வரும். பிறகு சில நிமிடம் கடல் அடங்கிக் கிடக்கும். எரிசெய்ராவில் பலகையுடன் வந்தவர்கள் இருபது நிமிடமாவது கரையில் நின்று பார்த்துவிட்டே இறங்கினார்கள். முட்டத்தில் அந்த அடக்கத்தை நம்பித்தான் படம் எடுக்கப் பாறையில் இறங்குகிறார்கள். அப்போதும் கடைசிக் கூட்டம் ஏறிய உயரம் பாறையில் கறுத்த ஈரக்கோடாகத் தெரியும். படம் எடுப்பவர்களின் கால்கள் பெரும்பாலும் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கின்றன.