"ஆசிய மாணவிகளுக்கு ஆபத்து குறைவு" என்ற கணக்கை நம்பி இருக்காதீர்கள்

அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் மனநல ஆலோசகராக இருக்கிறேன். ஆகஸ்டில் மகளைக் கொண்டுவந்து விடும் நம்மவர்கள் பலர் பாலியல் வன்முறையைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்பது இதுதான்: "நம்ம பொண்ணுங்களுக்கு அதெல்லாம் நடக்காதுல்ல மேடம்?"

2019-ல் 33 பல்கலைக்கழகங்களில் நடந்த கருத்தாய்வில், இளநிலை மாணவிகளில் 25.9 சதவீதம் பேர் சம்மதமில்லாத பாலியல் தொடுகைக்கு ஆளானதாகச் சொன்னார்கள். நான்கில் ஒருவர். ஆசிய மாணவிகளின் விகிதம் பொதுவாகக் குறைவாகவே பதிவாகிறது, உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் இனம் அல்ல.

கறுப்பினப் பெண்களையே பாருங்கள். 2010-ல் நடந்த அமெரிக்கத் தேசியக் கருத்தாய்வில், வாழ்நாளில் வன்புணர்வுக்கு ஆளானவர்கள் வெள்ளையினப் பெண்களில் 18.8 சதவீதம், கறுப்பினப் பெண்களில் 22. ஆனால் கறுப்பின மக்களுக்காகத் தொடங்கப்பட்ட நான்கு கல்லூரிகளில் ஆய்வு செய்தபோது, படிக்க வந்த பிறகு பாலியல் வன்முறைக்கு ஆளான மாணவிகள் 9.7 சதவீதம், இதே போன்ற ஆய்வு நடந்த வேறு இரண்டு பெரிய பல்கலைக்கழகங்களில் 13.7. பலவந்தமாக நடந்தவற்றில் பெரிய வேறுபாடு இல்லை. போதையில் நினைவிழந்த மாணவிக்கு நடந்தவைதான் அங்கே குறைவு. அங்கே குடிப்பழக்கமும் குறைவு. ஆக, தோலின் நிறம் யாரையும் காப்பாற்றவில்லை. எதிர்க்க முடியாத நிலையில் இருப்பவளைப் பார்த்துத்தான் கை வைக்கிறார்கள். குற்றம் கை வைத்தவனுடையது, அவள் குடித்திருந்தாலும்.

நம் பெண்களிடம் நான் அதிகம் பார்ப்பது வேறு. செய்தவன் பெரும்பாலும் தெரிந்தவன்: ஆய்வகத் தோழன், தீபாவளி விழாவில் அறிமுகமான சீனியர். வெளியில் சொன்னால் படிப்பை நிறுத்தி வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள் என்ற பயம் அவர்களுக்கு. அப்பாவின் காப்பீட்டில் இருப்பதால், சிகிச்சை விவரம் தபாலில் வீட்டுக்குப் போய்விடுமோ என்று மருத்துவரிடமே போகாமல் இருந்தவர்கள் உண்டு. அந்தத் தபால் நிஜமாகவே போகக்கூடியது என்பதால் இதைச் சொல்லியே ஆக வேண்டும்: தடயப் பரிசோதனைக்கு (உடலிலும் உடையிலும் இருக்கும் குற்றத் தடயங்களை மருத்துவமனையில் சேகரிப்பது) கட்டணம் கிடையாது, போலீசில் புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. 72 மணி நேரத்துக்குள் போவது நல்லது. பல இடங்களில் ஐந்து நாள் வரை செய்கிறார்கள். காப்பீட்டைப் பயன்படுத்த வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

பெற்றோரே, "நடந்தா என்கிட்ட சொல்லு, படிப்பை நிறுத்த மாட்டேன்" என்று மகள் கிளம்பும் முன்பே வாய்விட்டுச் சொல்லுங்கள். மாணவிகளே, பதினெட்டு வயதாகிவிட்டால், உயிருக்கு ஆபத்து போன்ற நிலை தவிர, நீங்கள் பேசியதை ஆலோசகர் வீட்டுக்குச் சொல்ல மாட்டார். நள்ளிரவிலும் பேச, பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான அமெரிக்கத் தேசிய உதவி எண்: 800-656-4673.