விடுமுறைப் பயணத்தில் வயிறு கெடுவது ஏன்? அடுப்புக்கும் இலைக்கும் நடுவே போகும் நேரம்

அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் கிறிஸ்துமஸில் தொடங்கிப் புத்தாண்டு வரை நீளும் விடுமுறை. வேளாங்கண்ணி, கன்னியாகுமரி, ஊட்டி, கொடைக்கானல், புதுச்சேரி என்று வேன் பிடித்துக் குடும்பம் குடும்பமாகக் கிளம்பும் நாட்கள். திரும்பி வந்து வாந்தி, வயிற்றுப்போக்கோடு மருத்துவரிடம் வருபவர்களிடம் "என்ன சாப்பிட்டீர்கள்?" என்று கேட்டால் கடையின் பெயரைச் சொல்வார்கள். மருத்துவர்களான எங்களுக்கு அதைவிட முக்கியமான கேள்விகள் இரண்டு உண்டு. சமைத்து எவ்வளவு நேரம் கழித்துச் சாப்பிட்டீர்கள்? சாப்பிட்டு எவ்வளவு நேரம் கழித்து வாந்தி தொடங்கியது?

கடை பெரியதா சிறியதா என்பதைப் பொறுத்து வயிறு கெடுவதில்லை. 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகும். கை பொறுக்கும் வெதுவெதுப்பு முழுவதும் இந்த எல்லைக்குள் அடங்கிவிடும். சமைத்த உணவை அந்தச் சூட்டில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெயிலில் நிற்கும் வண்டிக்குள் என்றால் 1 மணி நேரமே எல்லை. தோசைக்கல்லிலிருந்து நேராகத் தட்டுக்கு வரும் ரோட்டோரக் கடைத் தோசை, காலையில் வடித்து மாலை வரை மூடி வைத்த பெரிய ஓட்டல் சாதத்தைவிடப் பாதுகாப்பானது.

24ஆம் தேதி இரவை எடுத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவுத் திருப்பலி முடிந்து வெளியே வரும்போது கடைகள் மூடியிருக்கும் என்று, எட்டு மணிக்கே பிரியாணிப் பொட்டலங்களை வாங்கி வண்டி இருக்கையில் அடுக்கிவிடுவார்கள். பிரிக்கும்போது மணி ஒன்று. வெள்ளித்தாளுக்குள் ஐந்து மணி நேரம் அந்தச் சாதம் ஆறாமலும் சூடாக இல்லாமலும் இருந்திருக்கிறது. அரிசியில் இயல்பாகவே இருக்கும் பேசில்லஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. இளஞ்சூட்டில் அவை முளைத்துப் பெருகி நஞ்சைச் சுரக்கும். வாசனையோ ருசியோ மாறாது. திரும்பச் சூடு செய்தாலும் அந்த நஞ்சு அழியாது. சாப்பிட்ட அரை மணி முதல் 6 மணி நேரத்துக்குள் வாந்தி பிடித்துக்கொள்ளும். அந்த இரவுக்குக் கட்டுச்சோறாகப் புளிசாதம் எடுத்துப் போவது நல்லது. புளியின் அமிலமும் நல்லெண்ணெயும் அதைக் காக்கும். மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் தாங்கும். தேங்காய்ச் சட்னியும் தேங்காய் சாதமும் வெகு சீக்கிரம் ஊசிப்போகும், அவற்றைத் தவிர்த்துவிடுங்கள்.

கறிக்குழம்பில் வேறு சிக்கல். பெரிய அண்டாவில் காய்ச்சிய குழம்பின் நடுப்பகுதி ஆறப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் குளோஸ்ட்ரிடியம் என்ற கிருமி பெருகும். மறுநாள் வயிற்றைப் பிசைந்துகொண்டு போகும், பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது. பரோட்டாவுக்குச் சால்னா வாங்கும்போது கொதிக்கிறதா என்று பாருங்கள். வெதுவெதுப்பாக ஊற்றினால் "சூடு பண்ணிக் கொடுங்கண்ணே" என்று கேட்பதில் தவறே இல்லை.

கிறிஸ்துமஸ் இரவுக்கும் புத்தாண்டு இரவுக்கும் ஓட்டல்களில் பஃபே விருந்து வைப்பார்கள். ஏழரைக்குத் திறந்தால் முதல் அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிடுவது உத்தமம். மூடியைத் தூக்கும்போது ஆவி வர வேண்டும், தட்டின் அடியில் விளக்கு எரிய வேண்டும். பழைய தட்டில் மிச்சம் இருக்கும்போதே அதன் மேல் புதிதாகக் கொண்டுவந்து கொட்டினால், அந்தப் பதார்த்தத்தை விட்டுவிடுங்கள். பழையதிலிருந்த கிருமி புதியதிலும் கலந்திருக்கும். வெட்டிவைத்த பழம், பச்சைக் காய்கறி சாலட், மயோனைஸ் கலந்தவை ஆகிய மூன்றையும் கூட்டம் மிகுந்த பஃபேயில் தொடாமல் இருப்பதே நல்லது. பச்சை முட்டையில் அடிக்கும் மயோனைஸில் சால்மோனெல்லா கிருமி வரும் வாய்ப்பு அதிகம் என்பதால்தான் தமிழக அரசு 2025 ஏப்ரலில் அதற்கு ஓராண்டுத் தடை விதித்தது.

கேக்கைப் பொறுத்தவரை பிளம் கேக் பயணத்துக்கு ஏற்றது. சர்க்கரையும் உலர்பழமும் மிகுந்து ஈரம் குறைந்திருப்பதால் கிருமி எளிதில் வளராது. கிரீம் கேக் அப்படியல்ல. வெட்டுபவர் கையிலிருந்து ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி ஏறினால் சில மணி நேரத்தில் நஞ்சு சேர்ந்துவிடும். வண்டியில் பாதி நாள் சுற்றிய கிரீம் கேக்கைக் குழந்தைக்கு ஊட்டாதீர்கள்.

கடற்கரை மீன் வறுவலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சூரை, அயிலை, மத்தி போன்ற மீன்களைப் பிடித்ததும் ஐஸில் போடாவிட்டால் சதைக்குள் ஹிஸ்டமின் என்ற வேதிப்பொருள் சேரும். எவ்வளவு முறுக வறுத்தாலும் அது போகாது. கடையின் முன்னால் சிவக்க மசாலா தடவி வரிசையாக அடுக்கிய மீன் கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆனால் அந்த மசாலாவே மீனின் நிலையையும் மறைக்கும். மசாலா தடவாத முழு மீனைக் காட்டச் சொல்லுங்கள். கண் தெளிவாக, புடைத்து நிற்க வேண்டும். செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தினால் குழி விழாமல் சதை எழும்ப வேண்டும். ஐஸ் பெட்டிக்குள்ளிருந்து எடுத்தாரா என்பதையும் கவனியுங்கள். கெட்ட மீனைக் கடித்ததும் சில நேரம் நாக்கில் மிளகு கடித்ததுபோல் சுரீரென்று இருக்கும். அப்போதே துப்பிவிடுங்கள். சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் முகம் சிவந்து, தலை வலித்து, உடல் அரித்தால் இதுவாக இருக்கலாம். பலர் இதை "மீன் அலர்ஜி" என்று நினைத்து வாழ்நாள் முழுக்க மீனை ஒதுக்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் ஒவ்வாமைக்குத் தரும் மாத்திரையிலேயே அடங்கிவிடும். மூச்சு இரைத்தாலோ, உதடு வீங்கினாலோ, தலை சுற்றிச் சாய்ந்தாலோ உடனே 108.

மலைப்பாதை வாந்தி வேறு. வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70. ஏறுவதற்கு முன் பொங்கலும் வடையும் வேண்டாம், இரண்டு இட்லி போதும். முன் இருக்கையில் உட்கார்ந்து தூரத்துச் சாலையைப் பார்க்க வேண்டும், கைப்பேசியைப் பார்க்கக் கூடாது. இறங்கிச் சில மணி நேரம் ஆகியும் வாந்தி நிற்கவில்லை என்றால் காரணம் வளைவுகள் அல்ல.

தண்ணீரை வீட்டிலிருந்தே எவர்சில்வர் பாட்டில்களில் எடுத்துச் செல்லுங்கள். நீலகிரியில் ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை இருக்கிறது, குடிநீர் ஏ.டி.எம்.களில் பிடித்துக்கொள்ளலாம். ஜூஸில் ஐஸ் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கைக்கு சானிடைசரை மட்டும் நம்ப வேண்டாம். வாந்தி பரப்பும் நோரோவைரஸ் அதற்குச் சரியாக மசியாது. சோப்பு போட்டு 20 விநாடி தேய்த்தால்தான் போகும்.

பெண்கள் பலர் வழியில் கழிப்பறை சரியாக இருக்காது என்று காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். இது எங்களை மிகவும் வருத்தும் பழக்கம். ஊர் திரும்பியதும் நீர்க்கடுப்பும் குளிர்காய்ச்சலும் வர இதுவே வழி. பயணத் திட்டம் போடும்போதே இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான கழிப்பறை உள்ள இடத்தில் வண்டியை நிறுத்துவது என்று முடிவு செய்யுங்கள். வண்டி ஓட்டுபவரிடம் அதைச் சொல்லிவைப்பது ஆண்களின் பொறுப்பாகட்டும்.

சர்க்கரை நோயாளிகள் செய்யும் தவறு, வழக்கமான எட்டு மணிக்கு வண்டியிலேயே மாத்திரையைப் போட்டுவிடுவது. ஓட்டலில் இடம் கிடைத்து இலை விழும்போது பத்தரை ஆகியிருக்கும். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ சாப்பாட்டுக்கு முன் போடும் இன்சுலினோ எடுப்பவர்களுக்கு அதற்குள் சர்க்கரை இறங்கிவிடும். டிபன் மேசைக்கு வந்த பிறகே மருந்து என்று வைத்துக்கொள்ளுங்கள். வியர்த்து, கை நடுங்கி, காரணமில்லாமல் எரிந்துவிழுந்தால் 15 கிராம் குளுக்கோஸ், அதாவது சுமார் 3 டீஸ்பூன், தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் சரியாகாவிட்டால் இன்னொரு முறை. நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இவ்வளவு கவனித்தும் வயிற்றுப்போக்கு வந்தால் கையில் இருக்க வேண்டியது ஓ.ஆர்.எஸ். பொடி, அதாவது தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைப் பொடி. சோடா, கலர், பழரசம் வேண்டாம். அவற்றின் மிகுந்த சர்க்கரை குடலுக்குள் நீரை இழுத்துப் போக்கை அதிகமாக்கும். டப்பாவில் விற்ற பழச்சுவைப் பானங்கள் பலவற்றின் பெயரிலேயே ஓ.ஆர்.எஸ். என்று இருந்ததால் பெற்றோர் ஏமாந்தார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத பானங்கள் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. சரியான பொடியில் ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் இருக்கும். அட்டையில் பாருங்கள்.

கலக்குவதில்தான் பெரும்பாலும் தப்பு நடக்கிறது. லிட்டர் பாக்கெட்டில் கொஞ்சம் எடுத்து டம்ளரில் போட்டால் அளவு தவறும், கரைசல் அடர்த்தியாகிவிட்டால் போக்கு கூடும். 1 லிட்டர் பாக்கெட்டா, 200 மில்லி பாக்கெட்டா என்று படித்து, முழுதாகக் கொட்டி, அதே அளவு தண்ணீர் சேர்க்க வேண்டும். 24 மணி நேரம் ஆனதும் மீதியைக் கீழே கொட்டிவிடுங்கள். பொடி கிடைக்காத இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. ஒவ்வொரு முறை போன பிறகும் 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, 2 முதல் 10 வயது வரை 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் 10 நிமிடம் பொறுத்து, இரண்டு, மூன்று நிமிடத்துக்கு ஒரு ஸ்பூன் என்று மெதுவாகக் கொடுங்கள். தாய்ப்பாலையும் வழக்கமான உணவையும் நிறுத்த வேண்டாம். போக்கை உடனே நிறுத்தும் லோபரமைடு மாத்திரையைக் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. மலத்தில் ரத்தமோ காய்ச்சலோ இருந்தால் பெரியவர்களும் போடக் கூடாது. குழந்தை 6 மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை, கண் குழி விழுந்திருக்கிறது, குடிக்க மறுத்துத் துவண்டு கிடக்கிறது, மலத்தில் ரத்தம் தெரிகிறது என்றால், இருக்கும் ஊரிலேயே மருத்துவமனைக்குப் போங்கள். "ஊருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்று எட்டு மணி நேரம் வண்டி ஓட்டாதீர்கள்.

பயணத்தில் வாங்கிய நோய் பயணத்தோடு முடியாமலும் போகலாம். டைபாய்டு வெளியே தெரிய 6 முதல் 30 நாள் ஆகும். மஞ்சள் காமாலையைத் தரும் ஹெபடைட்டிஸ் ஏ வைரஸுக்கு 15 முதல் 50 நாள். டிசம்பர் கடைசியில் குடித்த தண்ணீரின் விளைவு பொங்கல் கழித்து, சில நேரம் பிப்ரவரியில்கூடக் காய்ச்சலாக வரும். அதற்குள் பயணமே மறந்துபோயிருக்கும். சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டுவது, சிறுநீர் அடர்மஞ்சளாகப் போவது, நான்கு நாளாகியும் காய்ச்சல் இறங்காதது ஆகியவற்றைக் கவனியுங்கள். மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டுவிட்டு வந்தால் ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் டைபாய்டு கிருமி பிடிபடாமல் போகலாம், முதல் வாரத்தில் டைபாய்டுக்குச் செய்யும் விடால் என்ற ரத்தப் பரிசோதனையை நம்பவும் முடியாது. காய்ச்சலோடு வரும்போது டிசம்பரில் எந்த ஊருக்குப் போனீர்கள், எந்தத் தேதியில் திரும்பினீர்கள் என்பதை மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.