பார்த்துவிட்டார், பதில் போடவில்லை

ஆலோசனைக்கு வரும் தம்பதிகளின் சண்டைகளில் இந்த வாக்கியம் அடிக்கடி வருகிறது. வாட்ஸ்அப்பில் நீல டிக் வந்தது 2014 நவம்பரில். செய்தி திறக்கப்பட்டது என்பதைத் தவிர அது வேறெதுவும் சொல்வதில்லை. திறந்தவர் வண்டி ஓட்டப் போகிறாரா, என்ன எழுதுவதென்று தவிக்கிறாரா, தெரியாது. மிச்சத்தை நம் பயம் எழுதிக்கொள்கிறது.

'லாஸ்ட் சீன்' எத்தனை மணி என்று பார்த்ததும் பதற்றம் சற்றுத் தணியும். சிக்கலே அந்தத் தணிவுதான். பார்த்தால்தான் நிம்மதி என்று மனம் பழகிவிடுகிறது. அடுத்த சந்தேகம் இன்னும் சீக்கிரம் வருகிறது. கதவைப் பூட்டினோமா என்று திரும்பத் திரும்ப இழுத்துப் பார்க்கும் ஓசிடி என்ற மனநலக் கோளாறிலும் இதே சுழல்தான். "கோபமா? நிஜமா இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பதும் அதே வகை.

ஒரேயடியாக நிறுத்த முயல வேண்டாம், தள்ளிப்போடுங்கள். பார்க்கத் தோன்றியதும் பதற்றத்துக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் கொடுத்துத் தாளில் எழுதுங்கள். 10 நிமிடம் கழித்து மறுபடி எழுதுங்கள். பெரும்பாலும் பார்க்காமலேயே எண் இறங்கியிருக்கும். இறங்காவிட்டாலும் பரவாயில்லை, காத்திருக்க முடிந்ததே பயிற்சி. சில நாள் கழித்து 20 நிமிடம், பிறகு 30. இடையில் இன்ஸ்டாகிராமில் அவர் ஆன்லைனில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி தெரிகிறதா என்று எட்டிப் பார்த்தால் பயிற்சி வீண். பலர் சறுக்குவது இங்கேதான்.

வாட்ஸ்அப்பின் பிரைவசி பகுதியில், நீல டிக்கைக் காட்டும் ரீட் ரிசீட்ஸை அணைக்கலாம். பிறகு மற்றவர் படித்ததும் உங்களுக்குத் தெரியாது. குழுக்களில் மட்டும் நீல டிக் தொடரும். துணையிடம் சொல்லிவிட்டே அணையுங்கள். சொல்லாமல் செய்தால் எதையோ மறைப்பதாகத் தோன்றும், சண்டை இடம் மாறுமே தவிர ஓயாது.

"பார்த்தேன், ராத்திரி பேசலாம்" என்ற ஒரு வரியை இருவரும் வழக்கமாக்கிக்கொள்ளுங்கள். பணம், உறவினர், மனக்காயம் பற்றியெல்லாம் எழுத்தில் பேச வேண்டாம். குரல் இல்லாத எழுத்தில் சாதாரணமான "சரி"கூடக் கோபமாகத் தெரியும்.

சோதிக்கும் பழக்கம் தூக்கத்தையோ வேலையையோ கெடுத்தால் உளவியல் நிபுணரைப் பாருங்கள்.

இன்னொன்றை இதோடு குழப்பக் கூடாது. பாஸ்வேர்டு கொடு, லைவ் லொகேஷனை அணைக்காதே என்று மிரட்டுவது கட்டுப்படுத்தல். அதற்கு ஆளானவரிடம் பொறுத்துப் போகச் சொல்வது தவறு. அவர் முதலில் ஆலோசகரைத் தனியாகச் சந்திக்க வேண்டும். முடிந்தால் அந்தச் சந்திப்பைத் தன் கைபேசி வழியாக அல்லாமல் வேறொருவர் எண்ணிலிருந்து ஏற்பாடு செய்வது பாதுகாப்பு.